அண்ணன் முடி இறக்கிய தைப்பூசம்

நம்ம வயதுக்காரர்களுக்குத்தான் இது புரியும். இப்போது நம் பிள்ளைகள் முடிக்குப் பச்சைச் சாயம் போட்டுக்கொண்டு வந்து எதிரே நிற்கிறார்கள். நாமும் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு லா” என்கிறோம். அந்தக் காலத்தில் ஆம்பளைப் பிள்ளையின் முடி சட்டைக் காலரைத் தொட்டால் போதும், வீட்டில் எழவு விழுந்த மாதிரி இருக்கும். முடி நீளமான பாடகர்களை டிவியிலேயே காட்டாமல் இருந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? ‘மாட் ரோக்’ என்று ஒரு பட்டம் வைத்திருந்தோம். ஜீன்சும் நீளமுடியுமாய்த் திரிகிற ரோக் பாட்டுப் பைத்தியங்கள் எல்லாரும் மாட் ரோக். தெருவில் ஒருத்தன் போனால் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்துவார்கள்.

அப்படி ஒருத்தன் எங்கள் வீட்டிலேயே இருந்தான். என் அண்ணன்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. கிள்ளானில், மேரு போகும் ரோட்டோரத்துத் தாமான் குடியிருப்பில் இருந்தோம். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. அம்மா வீட்டில் ரவிக்கை தைப்பாள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்த அண்ணன் மேருவில் ஒரு நாற்காலி மேசைக் கம்பெனியில் இருந்தான். வேலை முடிந்து வரும்போது அவன் முடியெல்லாம் மரத்தூள் ஒட்டியிருக்கும். நேரே குளியலறைக்குப் போவான். முட்டை உடைத்துத் தேய்த்துக் குளித்துவிட்டு மேசைக் காற்றாடிக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்து காயவைப்பான். முட்டை நாற்றமும் மரத்தூள் வாசமும் கலந்து கூடம் முழுக்க அடிக்கும். அப்பா செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார். அவர் படித்தாரா, முகத்தைத்தான் மறைத்தாரா, அப்போது எனக்குத் தெரியவில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு ஜெர்மன் பாண்டு. பெயர் எதற்கு, உங்களில் பாதிப்பேருக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். நாம் பிறப்பதற்கு முன்னாலேயே பாட ஆரம்பித்து, எழுபது தாண்டியும் இன்னும் ஊர் ஊராகப் போய் மேடையில் குதிக்கிறார்களே, அவர்கள்தான். பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில் வாங்கிய கேசட் அண்ணனிடம் இருந்தது. அட்டையில் தோல் கால்சட்டை போட்ட வெள்ளைக்காரர்கள் முறைத்துக்கொண்டு நிற்பார்கள். அப்பா ஒருநாள் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இவனுங்களுக்கு வேர்க்காதா?” என்று கேட்டார். அவ்வளவுதான் அவர் அந்தப் பாண்டைப் பற்றிச் சொன்னது. அம்மாதான் கத்துவாள்: “சாத்துடா அத! அக்கம்பக்கத்துல என்னமோ வெட்டு குத்துன்னு நெனைக்கப் போறாங்க.” ஆனால் அந்தக் கேசட்டில் மெதுவான பாட்டு ஒன்று உண்டு. தையல் மிஷினை மிதித்துக்கொண்டே அம்மா தன்னை அறியாமல் அந்த ராகத்தை முனகுவாள். நானும் அண்ணனும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

உலகத்தில் எத்தனையோ பாண்டு இருக்க, இது மட்டும் ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

“பாப்பா, அவங்க ஜெர்மன்காரனுங்க. இங்கிலீஷ் அவங்க பாஷ இல்ல. நம்மள மாதிரி பள்ளிக்கூடத்துல படிச்ச இங்கிலீஷ்தான். கேட்டுப் பாரு, கரடுமுரடாத்தான் சொல்றான். ஆனா ஒலகமே சேர்ந்து பாடுது. ஒருத்தன் சிரிக்கிறானா?”

அதற்கு முந்தின வருஷம் கோலாலம்பூரில் ஓர் ஆபீஸ் வேலைக்கு இன்டர்வியூ போய், அண்ணன் பேசின இங்கிலீஷைக் கேட்டு அங்கிருந்தவர்கள் சிரித்து அனுப்பியிருந்தார்கள். அதை அவன் வீட்டில் சொல்லவில்லை. கூடப் போன சிநேகிதன் வழியாகத்தான் எங்களுக்குத் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மா என்னைக் கோயிலுக்குக் கூட்டிப் போனாள். அர்ச்சனைத் தட்டோடு நின்ற இடத்தில் கோயில் செயலாளரின் மனைவி வந்து சேர்ந்தாள். நாலு பேர் காதில் விழும்படி பேசுகிற குரல் அவளுக்கு.

“ஒங்க மகன நேத்து பாசார்ல பார்த்தேன். பின்னாலேருந்து பாத்துட்டு யாரோ வயசுப்பொண்ணுன்னு நெனச்சிட்டேன் லா!”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மாவின் கை என் கையைப் பிடித்திருந்தது, அது ஈரமாகிவிட்டது. நானும் தலையைக் குனிந்துகொண்டேன். பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது.

“நேர்த்திக்கடன்க்கா” என்றாள் அம்மா. “தைப்பூசத்துக்கு பத்துமலையில முடி இறக்குறதா வேண்டியிருக்கான்.”

“அடடா! எதுக்கும்மா?”

“அவங்க அப்பாவுக்கு கழுத்துல ஒரு கட்டி. அதுக்குத்தான்.”

கட்டி இருந்தது உண்மை. கொட்டைப்பாக்கு அளவில் ரொம்ப நாளாக இருந்தது, யாரும் கவலைப்பட்டதில்லை. செயலாளரின் மனைவி பட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “முருகா! சாமி காரியத்தப் போயி கேலி பண்ணிட்டேனே. தப்பா எடுத்துக்காதம்மா.” சிரித்த முகமெல்லாம் ஒரு நொடியில் மாறிப்போயின. வீட்டுக்கு நடக்கும்போது அம்மா, “வாயத் தொறந்த, கொன்னுடுவேன்” என்றாள். அவள் முகம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பயமே இல்லை அதில், ஏதோ பரீட்சையில் பாஸான மாதிரி இருந்தது.

அம்மா அண்ணனிடம் சொன்னபோது அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “சூப்பர் லா ம்மா! பூசம் வரைக்கும் ஒருத்தனும் கை வைக்க மாட்டான். அப்புறம் பாத்துக்கலாம்.” அம்மாவும் சிரித்துவிட்டாள். எங்கள் வீட்டில் அந்த முடியைப் பற்றி எல்லாரும் சேர்ந்து சிரித்தது அன்று ஒருநாள்தான்.

அதற்கப்புறம் நடந்ததைக் கேளுங்கள். ‘பொட்டோங், பொட்டோங்’, வெட்டு வெட்டு என்று கத்தரிக்கோலைக் காட்டி மிரட்டிக்கொண்டிருந்த கம்பெனி சூப்பர்வைசர் திடீரென்று, “தம்பி, மிஷின்ல முடி மாட்டிக்கப் போவுது, ஜாக்கிரதை” என்று ரப்பர் பேண்டு வாங்கிக் கொடுத்தார். பஸ்ஸில் அங்கிள்மார் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். தாமான் கோடியில் இருந்த சாப்பாட்டுக் கடை அக்கா அவன் தட்டில் ஆட்டிறைச்சி வைக்க மறுத்துவிட்டாள். “நீ கேட்டாலும் நான் குடுக்கமாட்டேன்யா, அந்தப் பாவம் எனக்கெதுக்கு?” அண்ணன் சாம்பாரும் முட்டைக்கோசுமாய்த் தின்று மெலிந்தான். எனக்கும் வாழ்வுதான். மாட் ரோக்கின் தங்கை என்று தள்ளி நின்ற பிள்ளைகளின் அம்மாமார் என்னைக் கூப்பிட்டு முறுக்கு கொடுத்தார்கள். நானும் வெட்கமில்லாமல் தின்றேன்.

பள்ளி விடுமுறையில் ஒருநாள் அண்ணன் என்னை ரயிலில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கூட்டிப்போனான். அங்கே ஒரு கடைவீட்டு மாடியில் பாட்டுப் பழகும் அறை இருந்தது. வாடகைக்கு எடுத்து வாசிப்பார்கள். சுவரெல்லாம் முட்டை அட்டை, தரையெல்லாம் பழைய கம்பளம். சிகரெட் நாற்றத்துக்கும் ஈரக் கம்பள நாற்றத்துக்கும் நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அண்ணனோடு அதே கம்பெனியில் வேலை செய்த மலாய்க்காரப் பையன் ஒருவன் கித்தார் வாசித்தான். பாண்டு அவனுடையது, பாட்டு அண்ணனுடையது. தைப்பூசம் முடிந்த அடுத்த வாரம் கிள்ளானில் ஒரு மண்டபத்தில் ரோக் போட்டி. கேசட் போடும் கம்பெனிக்காரர் ஒருவர் வந்து கேட்கப்போகிறார் என்று பேசிக்கொண்டார்கள்.

அண்ணன் மைக்கைப் பிடித்து அந்த மெதுவான பாட்டைப் பாடினான். அம்மா முனகுவாளே, அதேதான். வீட்டில் அவன் தாழ்ந்த குரலில்தான் பாடுவான், அப்பாவுக்குப் பயந்து. இது வேறு குரல். மேலே மேலே ஏறிக்கொண்டே போனது. எங்கே பிசிறிவிடுமோ என்று நான் கம்பளத்தில் நகத்தைப் பதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிசிறவே இல்லை. பாடி முடித்து முடியைப் பின்னால் தள்ளிவிட்டு, “எப்படி பாப்பா?” என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. இவனைப் பார்த்தா நான் தலை குனிந்தேன் என்று இருந்தது.

சாப்பிட ஒரு வாழையிலைக் கடைக்குப் போனோம். “இங்க நம்மள யாருக்குத் தெரியும்? இன்னிக்கி மட்டன் வரட்டல் அடிக்கிறோம்” என்றான் அண்ணன். பரிமாற வந்தவர் அவன் தலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “பந்திங் ஊருல ஒங்க பெரியம்மா எங்களுக்குப் பக்கத்து வீடு. அவங்க தங்கச்சி மகன்தானே நீ? அப்பாவுக்காக முடி வளக்குறியாமே. நல்லா இருப்ப தம்பி.” இலையில் ரசம் ஊற்றினார். அம்மாவின் பொய் ரயில் ஏறி எங்களுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது. வீடு வரும்வரை நாங்கள் சிரித்தோம்.

அதற்குப் பிறகுதான் சிரிப்பு நின்றது. கட்டி கொஞ்சம் பெருத்த மாதிரி இருக்கிறது என்று அப்பா ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் ஊசி போட்டுச் சதையை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார். அன்றைக்கு அம்மா அடுப்பே மூட்டவில்லை. ஒரு மஞ்சள் துணியில் காசை முடிந்து சாமிப் படத்தில் கட்டினாள். அண்ணனைக் கூப்பிட்டு அதைத் தொட்டுக் கும்பிடச் சொன்னாள். வேண்டுதல் வைத்தவன் என்று ஊரெல்லாம் சொல்லியாயிற்று. இப்போது சாமியிடமும் சொல்லியாயிற்று. தன் வாயில் வந்தது பொய் என்பதை அவள் மறந்துவிட்டாளா, முருகனே தன் வாயில் வந்து பேசினான் என்று நம்பினாளா, இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

“ம்மா, ஒரு வாரம் மட்டும் குடுங்க” என்று அண்ணன் கெஞ்சினான். “போட்டி முடிஞ்ச மறுநாளே நானே போயி இறக்குறேன். சத்தியமா.”

“சாமிக்கிட்ட தவண கேக்குறியா? ஒங்கப்பாவுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா என் மூஞ்சில முழிப்பியா?”

“மொட்டத் தலையோட அங்க போயி நின்னா பாட்ட எவன் கேப்பான்? தலையப் பாத்து சிரிப்பானுங்கம்மா.”

“சிரிச்சா சிரிக்கட்டும்.”

அண்ணன் அப்பாவைப் பார்த்தான். அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, “அம்மா சொன்னா சொன்னதுதான்” என்றார். ரிசல்ட் எப்போது வரும் என்று அம்மா தினமும் கேட்பாள். “பூசம் கழிச்சுத்தான் சொல்லுவாங்களாம்” என்பார்.

பத்துமலை உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. உறுமி மேளம், கற்பூரப் புகை, காலடியில் நசுங்கின எலுமிச்சம்பழம், தொலைந்துபோன பிள்ளைகளைத் தேடி ஒலிபெருக்கியில் கூப்பாடு. ஆற்றோரம் தார்ப்பாய்ப் பந்தலுக்குக் கீழே முடி இறக்குகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஈர முடி தரையெல்லாம் கிடந்து செருப்பில் ஒட்டியது. எங்கள் முறை வந்தது. சவரக்காரர் பிளேடை மாற்றிக்கொண்டே, “உட்காருங்க தம்பி” என்றார்.

அண்ணன் உட்காரவில்லை. அம்மாவின் பக்கத்தில் வந்து குனிந்தான். எனக்கும் கேட்டது.

“ம்மா, இது நீங்க கோயில்ல சொன்ன பொய்தானே? வேற யார்கிட்டயும் சொல்ல வேணாம். என்கிட்ட மட்டும் ஆமான்னு சொல்லுங்க. நான் உட்காந்துர்றேன்.”

“பாவி! எந்த எடத்துல நின்னுக்கிட்டு என்ன பேசுற? அப்பா கழுத்தப் பாருடா!”

அண்ணன் பார்த்தான். அப்பாவும் அவனைப் பார்த்தார். பிறகு மலைப்படிகள் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆஸ்பத்திரி பயம் என்று நினைத்தேன். அண்ணன் இன்னும் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றான். பின்னால் இருந்தவர்கள், “என்னா தம்பி, சீக்கிரம்” என்றார்கள். உட்கார்ந்தான். தண்ணீர் ஊற்றித் தேய்த்து, நடுவிலிருந்து ஒரே இழுப்பு. கொத்துக் கொத்தாக மடியில் விழுந்தது. அவன் ஒன்றைக்கூடத் தட்டிவிடவில்லை. அம்மா கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு அழுதாள். சந்தனம் பூசிய தலையோடு அவன் எழுந்து வந்தபோது அவன் காதுகள் இவ்வளவு பெரியதா என்று எனக்கு இருந்தது. அப்படியே பால்குடம் எடுத்துப் படி ஏறினான்.

அடுத்த நாள் கித்தார்க்காரப் பையன் மோட்டார் சைக்கிளில் வந்தான். வாசலிலேயே நின்று அந்தத் தலையைப் பார்த்தான். அவன் கோபப்படுவான், சண்டை போடுவான் என்று நான் கதவுக்குப் பின்னாலிருந்து ஆசையோடு காத்திருந்தேன். யாராவது ஒருவர் சண்டை போட்டால் தேவலை என்று இருந்தது. அவன் என்ன செய்தான் தெரியுமா? அப்பாவுக்காக என்று கேள்விப்பட்டதும் அண்ணனின் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டான். “நல்ல மகன் நீ” என்று மலாயில் சொல்லிவிட்டுப் போய்விட்டான். போட்டியில் வேறு யாரோ பாடினார்கள். போட்டியன்று சாயங்காலம் அண்ணன் கம்பெனியில் ஓவர்டைம் செய்தான்.

பூசம் கழிந்து சில நாளில் அப்பா ஆஸ்பத்திரி போய் வந்து, “ஒண்ணுமில்லயாம், வெறும் கொழுப்புக் கட்டிதானாம்” என்றார். அம்மா நடு வீட்டில் விழுந்து கும்பிட்டாள். தாமான் முழுக்கச் சர்க்கரைப் பொங்கல். செயலாளரின் மனைவி அண்ணனின் மொட்டைத் தலையில் விபூதி பூசினாள். அப்புறம் அம்மா சாகும்வரை ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் அந்தக் கதையைச் சொன்னாள். மருமக்களுக்குச் சொன்னாள், பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னாள். “என் மகன் முடிதான் எனக்குத் தாலி குடுத்துச்சு” என்பாள். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, “ஆமா லா” என்று தலையாட்டுவான். அதற்குப் பிறகு அவன் முடி வளர்க்கவில்லை. பாடவும் இல்லை, கல்யாண வீட்டில் மைக்கை நீட்டினால்கூட எழுந்து வெளியே போய்விடுவான்.

போன வருஷம், அப்பா போவதற்குச் சில மாதம் முன்னால், அவர் கால்நகத்தை வெட்டிக்கொண்டிருந்தேன். சும்மா பேச்சுவாக்கில் சொன்னார்.

“அந்தக் கட்டி இருந்துச்சே, பூசத்துக்கு முன்னாடியே சொல்லிட்டாங்க, ஒண்ணுமில்லன்னு.”

நகவெட்டியைக் கீழே வைத்தேன். “அப்புறம் ஏம்ப்பா சொல்லல?”

“முடி போவட்டும்னு பாத்தேன். ரயில்வேயில அவனவன் கேலி பண்ணான். மாட் ரோக் அப்பா, மாட் ரோக் அப்பான்னு.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “நல்லதுக்குத்தானே” என்றார். மற்ற காலை நீட்டினார்.

நான் அந்தக் கால்நகத்தையும் வெட்டி முடித்தேன். வேறு என்ன செய்வது, தொண்ணூறை நெருங்குகிற மனிதரைப் பிடித்து உலுக்கவா முடியும்? ஆனால் அவமானத்தில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. எத்தனை வருஷம் அந்தக் கதைக்கு நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்கிறேன்! அன்று சாயங்காலமே காரை எடுத்துக்கொண்டு மேருவில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவன் வாசலில் பூச்செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் குழாயை நிறுத்தவில்லை.

“தெரியும் பாப்பா.”

“என்ன தெரியும்?”

“பூசத்துக்கு முன்னாடி ரிசல்ட் கேக்க, வேல முடிஞ்சு அவர மோட்டார்ல ஏத்திட்டுப் போனது நான்தானே. டாக்டர் எனக்கும் சேத்துத்தான் சொன்னாரு.”

“தெரிஞ்சுமா போயி உட்காந்த? ஏண்ணே?”

“அம்மா ஊரெல்லாம் சொல்லிட்டாங்க. நான் எந்திரிச்சுப் போயிருந்தா அவங்க எப்படி கோயில்ல தல காட்டுவாங்க?” தண்ணீரை அடுத்த செடிக்கு மாற்றினான். “அது பரவால்ல லா. வர்ற வழியில அப்பா பின்னாடி உட்காந்திருந்தாரு. ஒண்ணுமே பேசல. வீட்டுக்குப் போயி சொல்லிருவாரு, எனக்கு ஒரு வாரம் கெடச்சிரும்னு நெனச்சிட்டு ஓட்டுனேன். சொல்லல. நாளைக்குச் சொல்லுவாருன்னு பாத்தேன். பத்துமலையில பக்கத்துலதான நின்னாரு? அந்த ஆளு தலையில தண்ணி ஊத்துற வரைக்கும் பாத்தேன் பாப்பா, இப்பவாவது சொல்லிருவாருன்னு.”